தீப்பந்து (எரிவிண்மீன்)

வெள்ளிக்கோளையும் விஞ்சிய ஒளியுடன் வளிமண்டலத்தில் ஒளிரும் எரிவிண்மீன் தீப்பந்து எனப்படும். நொடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரை வேகத்தில் நுழையும் கல், முன்னால் உள்ள காற்றை அமுக்கிச் சூடேற்றுகிறது. கல்லின் மேற்பரப்பு ஆவியாகிறது, காற்றும் ஆவியும் ஒளிர்கின்றன. பெரிய கல் கீழே வந்து வெடித்தால் முழக்கம் கேட்கும். ஒலி ஓரிரு நிமிடம் பிந்தியே வருவதால், வெளிச்சத்தைக் கண்டவர் பலர் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஈச்சிலம்பற்றுக்கு அண்மையில் அறியப்பட்ட நிகழ்வு, 2012 டிசம்பர் 29 மாலை பொலன்னறுவை மாவட்டத்தில் காணப்பட்ட தீப்பந்து. அரலகங்வில பகுதியில் பொறுக்கிய கற்களில் நுண்பாசிப் புதைபடிவங்கள் இருப்பதாகவும், அவை விண்ணிலிருந்து வந்தவை எனவும் வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க குழுவினர் 2013இல் அறிவித்தனர். அவை நன்னீர்ப் பாசிகள், மண்ணிலிருந்து ஒட்டியவை என்றனர் மறுத்தவர்கள். கற்கள் விண்கற்கள்தானா என்பதையே ஐயுற்றனர். மறுப்பே வலுவானது. தீப்பந்தைக் கண்டது ஒன்று, வயலில் கிடந்த கல் அதிலிருந்து விழுந்தது என நிறுவுவது வேறு.

விண்கல் வீழ்ந்தமைக்கு ஐயமற்ற சான்று வடக்கே உண்டு: 1795 ஏப்ரல் 13 அன்று முல்லைத்தீவுப் பகுதியில் வீழ்ந்த கல், விண்கற் பட்டியல்களில் அவ்வூர்ப் பெயராலேயே இடம்பெற்றுள்ளது.

டிசம்பர் நடுவில் உச்சமடையும் மிதுன எரிவிண்மீன் பொழிவு தீப்பந்துகளுக்குப் பேர்பெற்றது. ஆனால் கிழக்குக் கரையில் அப்போது வடகீழ்ப் பருவமழைக் காலம். முகில் பெரும்பாலும் மறைத்துவிடும்.