டென்னசியின் கூடையும் கந்தப்பளையின் கூடையும்

கந்தப்பளையில் கூடை என்றால் அது கொழுந்துக் கூடைதான். தலையில் கயிற்றை மாட்டி, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, விடிந்ததும் மலையேறும் பெண்களின் முதுகில் தொங்குவது. அதே பெயரில் ஒரு பந்தாட்டம் இருப்பதையும், அதைப் பெண்களுக்குப் பயிற்றுவிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு ஒரு பெண் உலகப் புகழ் பெற்றதையும் அங்கு சொன்னால், கேட்பவர்கள் சற்று வியப்புடன்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பெண் பிறந்து வளர்ந்ததும் விவசாய உழைப்பின் நடுவேதான்.

பட்ரிசியா சூ ஹெட் 1952 ஜூன் 14ஆம் திகதி அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அறிந்த பெயர் பட் சமிட். குடும்பத்துக்குப் புகையிலைத் தோட்டமும் பால்மாடுகளும் இருந்தன. மூன்று அண்ணன்மாருக்கு இணையாக அவரும் புகையிலை வெட்டினார், வைக்கோல் சுமந்தார். இரவில் வைக்கோல் பரணில் மாட்டிய கூடையில் அண்ணன்மாருடன் பந்து எறிந்து விளையாடினார். அவர் சேரவேண்டிய உயர்நிலைப் பாடசாலையில் பெண்களுக்குக் கூடைப்பந்தாட்ட அணி இருக்கவில்லை. கண்டிப்புக்குப் பெயர்போன, மகளை வாய்விட்டுப் பாராட்டியறியாத தந்தை, அணி உள்ள பாடசாலை அமைந்த அயல் மாவட்டத்துக்கு வீட்டையே மாற்றிக்கொண்டு போனார். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அண்ணன்மார் விளையாட்டுப் புலமைப்பரிசிலில் கல்லூரி சென்றனர். தங்கைக்கு அது கிடைக்கவில்லை. அக்காலத்தில் பெண்களுக்கு அப்படியொன்று இல்லை. பெற்றோரே பணம் கட்டினர். 1974இல், தமது 22ஆவது வயதில், டென்னசிப் பல்கலைக்கழக மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பொறுப்பு எதிர்பாராமல் அவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டொலர். வெளியூர் ஆட்டங்களுக்கு வாகனம் ஓட்டியவரும், வீராங்கனைகளின் சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியால் தோற்றார்.

அவருக்குத் துணையாக நின்றது 1972இல் நிறைவேறிய ஒரு சட்டம். மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். விளையாட்டை மனதில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அல்ல அது. ஆனால் அதன் பெரும் விளைவு விளையாட்டு மைதானத்தில்தான் தெரிந்தது.

சட்டம் மாறினாலும் ஆட்ட விதி மாறவில்லை. இதன் வேர் 1892இல் இருக்கிறது. மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி கற்பித்த செண்டா பெரென்சன், அப்போதுதான் பிறந்திருந்த கூடைப்பந்தாட்டத்தைப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தினார். பெண்கள் முட்டி மோதிக் களைத்துவிடுவர் என்ற அச்சத்தைத் தணிக்க, ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியைத் தாண்டக் கூடாதென்று விதித்தார். அந்த விதி இல்லாவிடில் ஆட்டத்துக்கே அனுமதி கிடைத்திராது என்பது என் எண்ணம். ஆனால் எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் டென்னசி உயர்நிலைப் பாடசாலைகளில் அணிக்கு ஆறு பெண்கள். மூவர் தாக்க, மூவர் தடுக்க, எவரும் நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. தடுக்கும் பெண் ஆட்டத்தில் ஒருமுறையேனும் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்கமாட்டாள். விதியை மாற்றாவிட்டால் சொந்த மாநிலத்து மாணவிகளைத் தமது அணிக்கு எடுக்கப்போவதில்லை என்று சமிட் அறிவித்தார். 1979இல் விதி மாறியது. அவரது வெற்றிகள் அனைத்திலும் இதையே நான் பெரிதென மதிப்பேன்.

வெற்றிகளுக்கும் குறைவில்லை. 1976இல் மொன்றியலில், மகளிர் கூடைப்பந்தாட்டம் முதன்முறை இடம்பெற்ற ஒலிம்பிக்கில், வீராங்கனையாக வெள்ளி வென்றார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பயிற்றுவிப்பாளராகத் தங்கம். (அதே 1984இல்தான் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது.) 1987 முதல் 2008 வரை எட்டு தேசியப் பட்டங்கள், 38 ஆண்டுகளில் 1098 வெற்றிகள், 208 தோல்விகள். வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் அமர வேண்டும் என்பது வீராங்கனைகளுக்கு அவர் விதித்த கட்டளை. அவரிடம் முழுக்காலமும் ஆடிய அனைவரும் பட்டம் பெற்றே வெளியேறினர்.

2011 ஓகஸ்டில் தமக்கு அல்சைமர் நோய் இருப்பதை அவரே பகிரங்கமாக அறிவித்தார். அதன் பின்னரும் ஒரு பருவம் அணியை நடத்தி 2012இல் விலகினார். 2016 ஜூன் 28ஆம் திகதி, 64ஆவது வயதில் காலமானார்.

பெரென்சன் காலத்து ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்று வலைப்பந்தாட்டமாகி, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளெங்கும் பரவியது. 1960இல் அதன் சர்வதேசச் சம்மேளனம் உருவானது கொழும்பில்தான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களைப் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம். சமதரை அரிதான மலையகத்துக்கு ஏற்ற ஆட்டமும் இதுவே. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பதால் சீமெந்துத் தளம் தேவையில்லை. வளையம் பொருத்திய இரண்டு கம்பங்கள் போதும்.

ஆனால் கந்தப்பளைத் தோட்டமொன்றின் தகப்பன், மகள் விளையாட வேண்டும் என்பதற்காக வேறு ஊருக்குக் குடிபெயர முடியுமா? டென்னசி விவசாயிக்குச் சொந்த நிலம் இருந்தது. லயத்து அறையோ பெரும்பாலும் தோட்ட வேலையோடு பிணைந்தது. வேலையை விட்டால் வீடும் போகும். மகள் எந்தப் பாடசாலையில் படிப்பாள் என்பதையும், அங்கே அவளுக்குக் கம்பம் நட்டுப் பயிற்சி தர ஓர் ஆசிரியை இருப்பாரா என்பதையும் அந்த லயம் இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.