தபால் ஓடிய பாதைகள்

ரிலே ரேஸுக்கு இலங்கைத் தமிழர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அஞ்சல் ஓட்டம்! நாம் தொடர் ஓட்டம் என்கிறோம். ஆனால் அவர்கள் சொல்லும் பெயரில் ஒரு பழைய சரித்திரம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் ஓடி வந்து கையில் இருப்பதை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அங்கிருந்து ஓட... அஞ்சல் என்பது அப்படித்தான் நடந்தது. ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்பினால் அதையும் 'அஞ்சல்' என்றுதான் சொல்கிறோம். வார்த்தை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

நான் பி.காம். படிக்கிறேன். எங்கள் கணக்குப் பாடத்தில் சில்லறை ரொக்க ஏடு என்று ஒன்று உண்டு. அதில் தபால் செலவுக்கு ஒரு பத்தி இருக்கும். எழுதுபொருள், வண்டிச் செலவு மாதிரி அதுவும் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பத்திக்குப் பின்னால் ஓடிய கால்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வெளியூர்க்காரர் சாட்சி. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1333ல் சிந்து நதியைத் தொட்டார். முகமது பின் துக்ளக்கின் தபால் ஏற்பாட்டைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். குதிரைத் தபால் ஒன்று, கால்நடைத் தபால் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால் இரண்டில் வேகமானது கால்நடைத் தபால்தானாம்! ஒரு மைலுக்கு மூன்று இடங்களில் ஆட்கள் தயாராக இருப்பார்கள். ஓடி வருபவர் ஒரு கையில் கடிதமும் இன்னொரு கையில் செப்பு மணிகள் கட்டிய கோலும் வைத்திருப்பார். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்தவர் எழுந்து தயாராகிவிடுவார். சாதாரணமாக 50 நாள் பிடிக்கும் சிந்து-டெல்லி வழியை இந்தத் தபால் 5 நாளில் கடந்துவிடும் என்கிறார். இதே மனிதர் அடுத்த பத்தாண்டில் மதுரை சுல்தான் வீட்டு விருந்தாளியாக நம் பக்கமும் வந்து போனார் என்பது கூடுதல் செய்தி.

சரி, எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். ஆரணி என்றால் எல்லோருக்கும் பட்டுப் புடவை ஞாபகம் வரும். சரித்திரப் புத்தகத்தில் ஆரணி வருவது வேறு காரணத்துக்காக.

1751 ஆகஸ்ட் 26ம் தேதி ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குக் கிளம்பினார். அவரிடம் இருந்தது சுமார் 200 ஐரோப்பியர், 300 இந்தியச் சிப்பாய்கள். வழியில் காஞ்சிபுரம். ஆற்காட்டை நெருங்கும்போது இடி மின்னலோடு பெருமழை பிடித்துக்கொண்டது. படை நிற்காமல் நடந்தது. இதை ஒற்றர்கள் பார்த்துவிட்டு, முன்னால் போய்க் கோட்டையில் சொன்னார்கள். "இடிக்கும் மின்னலுக்கும் அசையாமல் வருகிறார்கள்" என்ற சேதியைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டது காவல் படை. கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது! கிளைவ் சண்டையே போடாமல் உள்ளே நுழைந்தார். இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஓர்ம், கம்பெனியின் வரலாற்றாசிரியர்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கோட்டையை வாங்கிக் கொடுத்தது பீரங்கியா, சேதியா? படைக்கு முன்னால் மழையில் போன சில ஜோடிக் கால்கள் அல்லவா!

அதன் பிறகு 50 நாள் ஆற்காடு முற்றுகை. அது முடிந்ததும், சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்போடு சேர்ந்துகொள்ள ஒரு பிரெஞ்சுப் படை ஆரணிக்கு வருகிறது என்று கிளைவுக்குத் தகவல் கிடைத்தது. உடனே அவர் மராட்டியக் குதிரைப் படையோடு ஆரணிக்கு விரைந்தார். டிசம்பர் 3ல் சண்டை. எதிரே ஈர நெல் வயல், நடுவே உயர்த்திப் போட்ட ஒரு கரைப் பாதை, பக்கத்தில் பனந்தோப்பு. வயல் சேற்றில் படைகளால் நினைத்த வேகத்தில் நகர முடியவில்லை. கிளைவ் ஜெயித்தார். 1782 ஜூன் 2ல் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதியதும் இதே ஆரணியில்தான். தளபதிகள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. தகவல் கொண்டு வந்தவருக்கு மட்டும் இல்லை.

இந்த ஓட்டத்தை ஒழுங்கான நிறுவனமாக மாற்றியது 1786. அந்த வருஷம் ஜூன் 1ம் தேதி, ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் காலத்தில், சென்னையில் பொதுத் தபால் நிலையம் திறந்தார்கள். அதுவரை தபால் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த வேலைக்குத்தான். இனிமேல் காசு கொடுத்தால் தனியார் கடிதமும் போகும். சென்னையிலிருந்து மூன்று தபால் வழிகள்: வடக்கே கஞ்சம், தென்மேற்கே அஞ்சுதெங்கு, மேற்கே வேலூர்.

வரைபடத்தை எடுத்து இந்த மூன்று ஊர்களையும் தேடிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

கஞ்சம் இன்றைய ஒடிசாவில் ருஷிகுல்யா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் இந்தியாவின் மிகப் பெரிய உப்பங்கழி ஏரியான சிலிகா. சென்னையிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் கிருஷ்ணாவையும் கோதாவரியையும் கடந்தே ஆக வேண்டும். அந்த ஆறுகளில் அப்போது அணையும் இல்லை, பாலமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையோரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஓடை எது, வயல் எது, ஏரி எது என்று அடையாளமே இருக்காது.

அஞ்சுதெங்கு திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் ஒரு ஒல்லியான நிலத்துண்டு. அங்கே கம்பெனிக்கு ஒரு சிறு கோட்டை. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்களுக்கு முதல் சமிக்ஞை கொடுத்த இடம் அது என்பார்கள். சீமைச் சேதி வந்து இறங்கும் வாசல்படி என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அவ்வளவு தூரத்துக்கு ஒரு தபால் வழி.

ஆக, மூன்றில் இரண்டு வழிகள் கடலோரச் சதுப்பில் போய் முடிகின்றன. மூன்றாவதான வேலூர் வழி கோட்டைகளும் கோயில்களும் நெல் வயல்களும் நிறைந்த நம் வட ஆற்காட்டுக் கிராமப்புறம்.

ஓட்டக்காரரிடம் என்ன இருந்தது? தோளில் பை, கையில் மணி கட்டிய கம்பு அல்லது ஈட்டி. பாம்பு, மிருகத்தை விரட்டவும் அது உதவும், வருகிறேன் என்று சொல்லவும் உதவும். காட்டு வழிகளில் ராத்திரி என்றால் தீவட்டிக்காரரும் பறை அடிப்பவரும் கூடவே ஓடுவது உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபாலுக்குப் பெயரே அஞ்சல்தான். அங்கேயும் அஞ்சலோட்டக்காரர் மணிச் சத்தம் கேட்டால் ஜனங்கள் வழி விட வேண்டும். 1951ல்தான் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இது ஏட்டில் இருப்பது இல்லை, என் கணக்கு. சென்னை-வேலூர் சுமார் 140 கி.மீ. ஒருவர் 8 கி.மீ. ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 18 பேர் வேண்டும். மணிக்கு 7 கி.மீ. வேகம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 25 கி.மீ. போனால் அதே தூரத்துக்கு ஐந்தாறு நாள் ஆகும். ஒரு வியாபாரிக்கு இந்த ஐந்து நாள் வித்தியாசம் என்ன மதிப்பு? விலை ஏறும் முன்பு சரக்கு வாங்கலாம், உண்டியல் திரும்புவதற்கு முன்பு சுதாரித்துக்கொள்ளலாம். 18 பேருடைய மூச்சு வியாபாரியின் லாபமாக மாறுகிறது.

1837ல் வந்த தபால் சட்டம் கடிதம் கொண்டு போகும் உரிமையை அரசாங்கத்துக்கே என்று ஆக்கியது. அதற்குப் பிறகு வந்த 1854தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை தபால் கட்டணம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாறும். தூரம் கூடினால் காசு கூடும். 1854ல் இந்தியா முழுவதற்கும் தபால்தலை வந்தது. தூரம் எதுவாக இருந்தாலும் எடைக்குத் தகுந்த ஒரே கட்டணம். சின்னக் கடிதத்துக்கு அரையணா. ஏழைக்கும் கடிதம் எழுத முடிந்தது, நல்ல சீர்திருத்தம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதற்கு முன்பு கடிதத்தின் விலையைப் பார்த்தாலே யாரோ எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார் என்று தெரியும். அரையணா வந்த பிறகு அது தெரியாது. கணக்கில் தூரம் அழிந்துவிட்டது, காலுக்கு அழியவில்லை. அவர் அதே சேற்றில் அதே மைல்களைத்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதாவது பழைய வேலூர் தபால் வழிக்குத்தான் முதலில் தண்டவாளம் வந்தது. ஓட்டக்காரர்கள் ஒழிந்தார்களா? இல்லை, கிளை வழிகளுக்கு நகர்ந்தார்கள். ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம் என்றால் நடுவில் பையைச் சுமக்க ஆள் வேண்டுமே! எங்கள் ஊருக்கு இன்றும் ரயில் கிடையாது. விழுப்புரம்-காட்பாடி பாதையில் களம்பூரில் இருக்கும் ஸ்டேஷனுக்கு 'ஆரணி ரோடு' என்று பெயர். அந்த 'ரோடு' என்ற சொல்லுக்கு, மீதி வழியை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

பை கனமும் ஏறிக்கொண்டே போனது. 1877ல் வி.பி.பி. வந்தது, 1880ல் தபால் நிலையங்களில் மணியார்டர் வந்தது. கடிதம் சுமந்தவர் இப்போது அடுத்தவர் பணத்தையும் சுமந்தார். வங்காளக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 'ரானார்' (ரன்னர்) என்று ஒரு கவிதை எழுதினார். முதுகில் பணம், வீட்டில் பசி, அந்தப் பணத்தைத் தொட முடியாது என்பதுதான் அதன் சாரம். சலீல் சௌத்ரி இசையில் ஹேமந்த முகர்ஜி பாடி அது வங்காளம் முழுக்கப் பரவியது. சுகாந்தா 1947ல் இறந்தபோது அவருக்கு வயது 20. ஏறக்குறைய என் வயது.

இன்று ஓட்டம் என்றால் ஆரோக்கியம். ஆரோவில் மாரத்தான் 2008ல் தொடங்கியது, செம்மண் காட்டுப் பாதையில் ஆசையாக ஓடுகிறார்கள். அங்கிருந்து அதிக தூரம் இல்லாத கழுவேலி சதுப்பு நிலம் 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் நல்ல விஷயம். பிழைப்புக்காக ஓடிய நிலத்தில் சந்தோஷத்துக்காக ஓட முடிவது முன்னேற்றம்தான்.

ஆனால் பிழைப்புக்கான ஓட்டம் முடிந்துவிடவில்லை. குன்னூர்ப் பக்கம் காட்டு வழியில் தினமும் சுமார் 15 கி.மீ. நடந்து கடிதம் கொடுத்த ஒரு தபால்காரர் 2020ல்தான் ஓய்வு பெற்றார். நகரத்தில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கும் பையன்களைப் பாருங்கள். செயலியில் 'டெலிவரி இலவசம்' என்று இருக்கிறது. அரையணா செய்த அதே வேலைதான் இது. தூரத்தைப் பில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெட்ரோலும் வெயிலும் மழையும் யாரோ ஒருவர் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் பாடத்தில் ஒரு விதி உண்டு: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தே தீரும். நமக்கு ஒரு பொருள் இலவசமாகவோ மலிவாகவோ வீட்டு வாசலுக்கு வந்தால், அதன் மறுபக்கத்தை யார் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.