வழிப்போக்கனின் அடுப்பு

சென்ற மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் பார்க்கக் குடும்பத்தோடு போவதென்று முடிவாயிற்று. சுசீந்திரத்துக்கு ஒரு காத தூரத்துக்குள் இருக்கும் மயிலாடிதான் என் சொந்த ஊர். ஆனால் சொந்த ஊரில் சொந்த வீடு இல்லை. என் தகப்பனார் காலத்திலேயே அது கைமாறிவிட்டது. ஓட்டலில் தங்கலாமென்றால், நாலு நாள் ஓட்டல் சாப்பாடு என் மனைவியின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. என் சட்டைப்பைக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதை வாசகர்கள் தாமே ஊகித்திருப்பார்கள். ஆகவே இப்போது எங்கும் பரவியிருக்கிற ஒரு புது ஏற்பாட்டை நாடினேன். வயலோரத்தில் ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஓர் அடுக்களை, பாத்திரங்கள், காஸ் அடுப்பு. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவார். அரிசியும் நம்முடையது, சமையலும் நம்முடையது.

டெலிபோனில் வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வாடகை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் விவரமாகச் சொன்னார். கடைசியில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனைக்கப்பிடாது சார், நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டார்.

"மயிலாடி ஆளுக" என்றேன்.

"அது இல்ல..." என்று இழுத்தார். "அடுக்களை இருக்குல்லா, அதான் கேட்டேன்."

அந்த வீடு வேண்டாமென்று வேறு வீடு பார்த்துக்கொண்டேன். ஆனால் கேள்வி மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. அந்நியனுக்கு வீட்டைக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. அடுப்பைக் கொடுப்பதில்தான் தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு வயது என்ன என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நான் புதுமை என்று நினைத்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதும் புலப்பட்டது.

ரயிலும் பஸ்ஸும் வராத காலத்தில், எங்கள் நாஞ்சில் நாட்டுப் பாதைகளில் வழியம்பலங்கள் இருந்தன. இன்றும் சில இடங்களில் அவை நிற்கின்றன. கல் தூண்கள், மேலே கல் பாவிய கூரை, தரையிலிருந்து உயர்ந்த திண்ணை, பக்கத்தில் ஒரு கிணறு. முன்னால் ஒரு சுமைதாங்கி: நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவன் யாரையும் கைபிடிக்கக் கூப்பிடாமல் தானாகவே இறக்கி வைக்கும் உயரம். இந்த அம்பலங்களில் சமையற்காரன் கிடையாது. வழிப்போக்கன் தன் மூட்டையை அவிழ்த்து, மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கிப் பானையை ஏற்ற வேண்டியதுதான். இருட்டியதும் அங்கே படுத்துவிட்டு, விடிந்ததும் நடையைக் கட்டுவான்.

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சாலைகளும் சத்திரங்களும்தான் இன்றுவரை காப்பாற்றி வருகின்றன. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரும் பாதைக்கே மங்கம்மாள் சாலை என்று பெயர். மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டுவிட்ட பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இத்தனையும் செய்தாள் என்று கதை சொல்வார்கள். பாவம் அவ்வளவு அற்பமானதென்றால், அந்தப் பாவத்தை இன்னும் நாலு பேர் செய்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது!

தஞ்சையிலே சத்திர தர்மம் இன்னும் விரிவாக நடந்தது. 1798இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜி மன்னர் மறு வருஷமே நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. நாடு போனபோதும் சத்திரங்களை மட்டும் விட அவருக்கு மனம் வரவில்லை. அவற்றுக்கு ஊறு வரக்கூடாதென்று 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதிலே விவரித்திருக்கிறார். எல்லா ஜாதி வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருந்து, குழந்தைக்குப் பால், அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, அங்கேயே இறந்துபோனவருக்கு அவரவர் முறைப்படி கடைசிக் கிரியை எல்லாம் நடக்கும்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு சிறு விவரம் வருகிறது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியாகவும் சாமானாகவும் கொடுத்துவிடுவார்களாம். என்னை நிறுத்தியது இந்த விவரம்தான். பிறர் சமைத்ததை ஏன் ஒருவன் வேண்டாமென்கிறான்? ருசிக்காக அல்ல. சமைத்த கை யாருடையது என்பதற்காக. இன்று நாம் சௌகரியம் என்று வாடகை கொடுத்து வாங்கும் தனி அடுப்பு, அன்று பிரித்து வைப்பதற்காகவே பிறந்தது. தானே பொங்கிக்கொள்ளும் உரிமையும், இன்னொருவன் கையால் உண்ண மறுக்கும் வழக்கமும் இரட்டைப் பிள்ளைகள்.

எங்கள் திருவிதாங்கூர் பக்கத்தில் பிரிவினை இன்னும் கறாரானது. இங்கே அரசாங்கச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. சோறு தாராளம், ஆனால் பிராமணர்களுக்கு மட்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள், ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நானும் பிளந்தேன். அந்தப் பந்தியில் எனக்கு இலை போட்டிருக்க மாட்டார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மயிலாடிக்காரர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1799 வாக்கில் மகாராசன் என்பவர் எங்கள் ஊரிலிருந்து சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத குலத்தில் பிறந்தவர் அவர். போனதும் நடை, வந்ததும் நடை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே பாதிரியார் கோலாப்பைச் சந்தித்து ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் வந்து சேர்ந்தார். அவர் முயற்சியால் 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்ததும், 1809இல் இங்கே கோயில் எழுந்ததும், பள்ளிக்கூடம் தொடங்கியதும் சரித்திரம். கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்த நெடுவழிதான் கண்ணில் நிற்கிறது. மாலை நேரம், அம்பலத்துத் திண்ணையில் நாலைந்து அடுப்புகள் தனித்தனியாகப் புகைகின்றன. சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில், கூரையில்லாத இன்னோர் அடுப்பு.

இது என் கற்பனை மட்டுமல்ல. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது, தன் தகப்பனாரோடு தேர் பார்க்கச் சுசீந்திரம் போனாளாம். ஆண்டு தெரியாது. "கோயில் தொறக்கதுக்கு முந்தி" என்பாள். அதாவது 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வருவதற்கு முன்பு. சுசீந்திரத்துத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926லும் 1930லும் சத்தியாக்கிரகம் நடந்த காலம் அது. போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே அம்பலம் இருந்தும் உள்ளே ஏற முடியாது. புளியமரத்தடியில் மூன்று கல் வைத்து, நனைந்த சுள்ளியை ஊதி ஊதி என் பாட்டனாரின் மாமனார் கஞ்சி காய்ச்சினார். பாட்டி இதைச் சொல்லும்போது அழுததில்லை, சிரிப்பாள்.

"கல்லு நம்மூருக் கல்லுதான் மக்களே. நெழலுதான் நமக்கில்லாம இருந்து" என்பாள்.

மயிலாடி கல் கொத்துகிறவர்களின் ஊர் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உளிச் சத்தம் கேட்காத காலை அந்த ஊரில் இல்லை.

மேல்நாட்டிலே பழைய அயர்லாந்தில், வழிப்போக்கருக்கு உணவளிப்பதையே கடமையாகக் கொண்ட செல்வர்கள் இருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அவர்கள் சட்டப்படி, அப்படிப்பட்டவன் வீட்டில் கொப்பரை எப்போதும் அடுப்பின் மேலேயே இருக்க வேண்டும். வந்தவன் யாரானாலும் இல்லையென்று திருப்பக்கூடாது. அந்தஸ்துக்குத் தக்கபடி பரிமாறுவதில் வித்தியாசம் அங்கேயும் உண்டு. ஆனால் கொப்பரை ஒன்றுதான். இன்று அதே அயர்லாந்தின் பழமையான சிற்றூர்களின் ஓரத்தில், உல்லாசப் பிரயாணிகள் சின்னச் சின்ன வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரே கொப்பரையிலிருந்து தனி அடுப்புக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஓய்வு. நாமோ தனி அடுப்பிலேயே தொடங்கியவர்கள். ஆகையால்தான் நம்மிடம் அடுப்பை வாடகைக்குக் கேட்டால், கூடவே அந்தப் பழைய கேள்வியும் வந்துவிடுகிறது.

எல்லாரிடமும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பிடித்த இரண்டாவது வீட்டின் சாவியை வயதான அம்மாள் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். கிணற்றைக் காட்டினாள். உப்பும் தீப்பெட்டியும் இருக்கும் இடத்தைச் சொன்னாள். என் மனைவி தயங்கித் தயங்கி, "தேர் முடிஞ்சு மறுநாள் கொஞ்சம் மீன் வாங்கிச் சமைக்கலாமா, அம்மா?" என்று கேட்டாள்.

"ஒங்க இஷ்டம் மக்களே. சட்டியக் கழுவிக் கமத்தி வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாறவங்களுக்கு வேணும்லா?" என்றாள் அந்த அம்மாள்.

நாலாம் நாள் புறப்படும்போது, மிச்சமிருந்த அரிசியை ஒரு டப்பாவில் போட்டு அடுக்களையிலேயே வைத்துவிட்டு வந்தோம். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது நான்தான்.