சிறையா, சேர்ந்து வாழ்வா?

மங்கையர் மணாளனிடம் எதிர்பார்ப்பது என்ன? பொன்னா? பொருளா? குலப் பெருமையா? ஊரெல்லாம் விடை கூறும்; மணமேடையில் அமரும் மங்கையை மட்டும் எவரும் கேட்பதில்லை!

கேளாமலே விடை கூறினார் ஒருவர். பம்பாயில் 1864இல் பிறந்த ருக்மாபாய். அவரது 11ஆம் வயதில், 19 வயதுத் தாதாஜி பிகாஜிக்கு மணம் முடித்தனர். ருக்மாபாயோ தாய்வீட்டிலேயே வளர்ந்தார், படித்தார், சிந்தித்தார். 1884இல் தாதாஜி, மனைவியைத் தம்மிடம் அனுப்பக் கோரி வழக்குத் தொடுத்தார். குடும்பம் நடத்தும் வருவாய் அவருக்கில்லை, உடல்நலமும் இல்லை; அறியாப் பருவத்து மணத்துக்குத் தாம் இசையவும் இல்லை என்று மறுத்தார் ருக்மாபாய்.

1885இல் நீதிபதி பின்ஹே, அவரை வற்புறுத்த மறுத்தார். கொதித்தெழுந்தது வைதிகம்! சீறிற்று திலகரின் ‘கேசரி’! வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1887இல் நீதிபதி ஃபாரன் தீர்ப்பளித்தார்: கணவனிடம் செல்ல வேண்டும், இன்றேல் ஆறு திங்கள் சிறை!

சிறையே மேல் என்றார் அந்தச் செயல்வீரர்!

1888இல் தாதாஜிக்கு 2,000 ரூபாய் தந்து வழக்கு முடிக்கப்பட்டது. விடுபட்ட ருக்மாபாய் இலண்டன் சென்று பயின்று, மருத்துவராகித் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் தொண்டாற்றினார். இசைவு வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, இவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியும் ஒரு காரணம்.

உழைத்துக் காக்கும் திறன், உடல்நலம் — இவற்றை அவர் நாடினார். இவற்றுக்கெல்லாம் முன்னதாக நாடியது, தன் இசைவுக்கு ஒரு மதிப்பு! இளைஞர்களே, உங்கள் தங்கைக்கு மணம் பேசும்போது, முதற்கேள்வியை அவளிடம் கேளுங்கள்: “உனக்குச் சம்மதமா?”