மதிலைத் தாண்டி வந்த இசை



"கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் உரியது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிற நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று தோட்டங்களில் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதிலுக்கு வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் என்றொரு குன்று இருக்கிறது. 1942-இல், ஜப்பானியர் ஆட்சியில், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளைக் கொண்டு அதன் உச்சியில் ஒரு போர் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போன காலமும் அதையொட்டியதே. 1945-இல் சின்னம் இடிபட்டது. ஏறிச் செல்லும் படிகள் மிஞ்சின. இன்று அந்தக் குன்றின் மேல் நிற்பது ஒலிபரப்புக் கோபுரம். சிங்கப்பூரின் தமிழ் வானொலி அங்கிருந்துதான் காற்றில் ஏறுகிறது. கடல் தாண்டி ஜொகூர் பக்கத்திலும் கேட்கிறது. அந்தக் கோபுரத்திலிருந்து ஒரு ராக ஆலாபனை புறப்பட்டால், அதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது. லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்கலாம்.

முன்பும் அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் நாகசுரக்காரர் காலையில் பூபாளம் வாசிப்பார். இரவு சாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி வாசிப்பார். திருவிழா ஊர்வலத்தில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பதும் உண்டு. நம் முன்னோர்களில் பலரைக் கோயிலுக்குள் விட்டதில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர்கள் காலெடுத்து வைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நாகசுரம் உரத்த வாத்தியம். மதில் அதைத் தடுக்கவில்லை. வெளியே நின்றவர் காதிலும் தோடியும் கல்யாணியும் விழுந்தன. ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அதனால் என்ன?

ராகங்கள் மதிலுக்கு உள்ளேயே பிறந்தவையும் அல்ல. ஆனந்தபைரவி, புன்னாகவராளி போன்றவை நாட்டுப்பாடல்களிலிருந்து வளர்ந்தவை என்று இசை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நீலாம்பரி என்றாலே தாலாட்டு. சேலைத் தொட்டிலை ஆட்டியபடி நம் தாய்மார்கள் பாடுகிற மெட்டுகளும் இந்தக் குடும்பத்துக்கு அந்நியமல்ல.

பிறகு நகரங்களில் சபாக்கள் வந்தன. மேடை, நாற்காலி, கட்டணம் எல்லாம் வந்தன. பாட்டுகளில் பெரும்பகுதி தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருந்தது. அதை ஆட்சேபித்துத்தான் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவாயிற்று.

அதற்கெல்லாம் முன்னோடி தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. பின்பு சித்த மருத்துவரானார். மருந்து விற்ற பணத்தை இசைக்குச் செலவழித்தார். 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரிய நூலை வெளியிட்டு, பழந்தமிழ்ப் பண்களுக்கும் இன்றைய ராகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். இசையையும் வைத்தியத்தையும் ஒரே மனிதர் சுமந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

சிங்கப்பூரில் 1949-இல் இந்திய நுண்கலைக் கழகம் ஏற்பட்டு, இந்த இசையை முறையாகக் கற்க வழி பிறந்தது.

சரி, இதைக் கேட்டால் மனத்துக்கு என்ன நன்மை? இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் போடுவோர் உண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. வைத்தியரிடம் போவதை நிறுத்திவிட்டு ராகம் கேட்கச் சொல்பவரை நம்பாதீர்கள். 1993-இல் அமெரிக்காவில் மோட்சார்ட் இசை கேட்ட மாணவர்கள் ஒரு சோதனையில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்று செய்தி வந்ததும், குழந்தைகள் அறிவாளிகளாகிவிடுவார்கள் என்று இசைத்தட்டு விற்றவர்கள் ஏராளம். அந்தப் பலன் சிறியது, சில நிமிடங்களே நிற்பது என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் 2006-இல் இத்தாலியின் பாவியா நகர மருத்துவர் பெர்னார்டியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு உறுதியானது. 24 பேருக்குப் பலவகை இசைகளைக் கேட்கச் செய்தார்கள். நம் இந்திய ராகமும் அவற்றில் ஒன்று. வேகமான இசைக்கு மூச்சும் நாடியும் விரைந்தன. மெதுவான இசைக்கு அப்படி விரையவில்லை. கேட்பவருக்கு அந்த இசை பிடிக்குமா, பிடிக்காதா என்பதைவிட அதன் காலப்பிரமாணமே பெரிதாக வேலை செய்தது. இன்னொன்றும் கண்டார்கள். இசைக்கு நடுவே இரண்டு நிமிடம் நிறுத்தியபோது, நாடியும் இரத்த அழுத்தமும் கேட்கத் தொடங்குமுன் இருந்ததைவிடக் கீழே இறங்கின.

ஆகவே வெட்டுக்காட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, வானொலியில் ஒரு விளம்பகால ஆலாபனை கிடைத்தால், ஒலியைக் குறைத்துக் கேளுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தவுடன் அடுத்த நிலையத்தைத் தேடாமல், இரண்டு நிமிடம் பெட்டியை அணைத்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருங்கள். அந்த 24 பேரின் நாடி தணிந்தது அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில்தான்.