பொறி: ஒரு சொல்லும் அசையும் சிற்பமும்

பொறி என்ற ஒரே சொல் தமிழில் புள்ளியைக் குறிக்கும், தீத்துகளைக் குறிக்கும், முத்திரை, ஐம்புலன்களின் வாயில், ஊழ் ஆகியவற்றையும் குறிக்கும். பாண்டியரின் கயற்பொறியிலும் வீட்டு எலிப்பொறியிலும் இருப்பது இதே சொல்தான். இயந்திரம் என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு காப்பியங்களுக்குள் போனால், அங்கே இயங்கும் கருவி பல இடங்களில் ஓர் உயிரின் உருவத்தோடு வருவதைக் காணலாம்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் காவற்கருவிகள் வரிசையாக வருகின்றன. தானே வளைந்து அம்பெய்யும் வில்லுக்குப் பக்கத்தில் கரிய விரல்களையுடைய குரங்கு, பாய்ந்து தாக்கும் சிரல் என்னும் மீன்கொத்தி, பன்றி. பெருங்கதையில், யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணனைப் பிடிக்க, வீரர்களை உள்ளே ஒளித்துவைத்த பொய்யானை ஒன்று வருகிறது. யானையை நன்கறிந்தவனே அதை மெய்யென்று நம்புகிறான்.

இவற்றுள் உச்சம் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. திருத்தக்கதேவர் அதன் பொருள்களையே பட்டியலிடுகிறார்: துணி, நூல், பயின் என்னும் பசை, அரக்கு, மெழுகு. பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைப் பிளந்து ஏறும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து அமரும். கருவுற்றிருந்த சீவகனின் தாய் விசயை இதில் ஏறித்தான் தப்புகிறாள். கற்பனை என்றாலும் எப்படிப்பட்ட கற்பனை! இறங்கினால் போதாது, மயிலைப் போலவே கால் குவிய வேண்டும் என்று கவிஞர் நினைத்திருக்கிறார். பறப்பது பயன், கால் குவிப்பது கலை.

பாவை என்ற சொல்லோடு ஒப்பிட்டால் பொறியின் தனித்தன்மை விளங்கும். நாணமற்றவரின் நடமாட்டத்தை, கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளதுபோல மயக்கும் மரப்பாவையோடு ஒப்பிடுகிறது 1020ஆம் குறள். பாவையின் ஒவ்வோர் அசைவுக்கும் ஆட்டுபவர் கை வேண்டும். மயிற்பொறிக்கோ ஒரு திருகு போதும். மற்ற அசைவெல்லாம் அதன் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மேலைச் சிற்பிகள் இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்தார்கள். நௌம் காபோ 1919-20இல் ஓர் ஒற்றை உலோகக் கம்பியை மோட்டாரால் அதிரச் செய்தார். நின்றால் அது வெறும் கம்பி. அதிர்ந்தால் வளைந்த உருவம் ஒன்று காற்றில் நிற்கும். அந்தச் சிற்பத்துக்கு மூலப்பொருளே அசைவுதான். 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்ற அலெக்சாண்டர் கால்டர், பிறகு கைப்பிடியாலும் மோட்டாராலும் இயங்கும் சிற்பங்களைச் செய்தார். அவற்றுக்கு 1931இல் 'மொபைல்' என்று பெயரிட்டவர் கலைஞர் மார்செல் டூஷாம். பின்னாளில் கால்டர் மோட்டாரைக் கைவிட்டு, தகடுகளின் எடையைச் சமன்செய்து கம்பிகளில் தொங்கவிட்டார். காற்று வந்து இயக்கியது.

பொறியாளர் சிற்பியானதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே கைத்திறனின் கிளைகள். இன்று பொறியியல் என்றதும் பாலமும் தொழிற்சாலையும்தான் நினைவுக்கு வருகின்றன; சிற்பம் என்றால் அசையாத கல். காபோவும் கால்டரும் செய்த அசையும் கலையை 'இயக்கச் சிற்பம்' என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் 'பொறிச்சிற்பம்' என்றால், அசைவை உருவாக்கும் அறிவும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். மயிலின் கால் குவிவதையும் கணக்கில் வைத்த மரபுக்கு அதுவே பொருத்தமான சொல்.