தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெய்

தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெய் என்பது, கிளட்ச் மிதி இன்றித் தானாகவே கியர் மாறும் தானுந்துகளில் பயன்படும் நீர்மம் ஆகும். உயவு அளிப்பது இதன் பணிகளுள் ஒன்று மட்டுமே. முறுக்குவிசை மாற்றியில் பொறியின் ஆற்றலைக் கடத்துவதும், அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும், வெப்பத்தை அகற்றுவதும் இவ்வெண்ணெயே. அடையாளத்திற்காகப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்க்கப்படுகிறது.

வரலாறு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் தானுந்துகளில் ஹைட்ராமேட்டிக் எனும் தானியங்கிப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. இவ்வெண்ணெய்க்கான "வகை ஏ" என்னும் தரத்தை 1949இல் வெளியிட்டது. தட்டுகள் அதிர்வின்றிப் பற்றுவதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் நெடுங்காலம் கலக்கப்பட்டு வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா அதனைத் தடைசெய்ததால் வேறு வேதிப்பொருள்கள் தேவைப்பட்டன. மாற்றாக வந்த டெக்ஸ்ரான் 2 எண்ணெயின் முதல் வடிவம் குளிர்விப்பானின் பற்றவைப்புகளை அரித்தது. பின்னரே அரிப்புத் தடுப்பிகள் சேர்க்கப்பட்டன.

பெட்டியின் வகையும் எண்ணெயும்

கைமுறைப் பெட்டிகள் பலவற்றுக்குத் தடித்த கியர் எண்ணெய் போதும். சிவிடி எனப்படும் தொடர்மாறு பெட்டியில் எஃகுப் பட்டை கப்பிகளைப் பற்றியே இயங்குவதால், அதற்கெனத் தனி எண்ணெய் உண்டு. வழக்கமான சிவப்பு எண்ணெயை அதில் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பிகள் கீறலுறும். பெயரால் குழப்புவது ஏஎம்டி வகையாகும். இந்தியாவில் 2014இல் மாருதி சுசூகி செலேரியோவுடன் இது பரவலாயிற்று. கிளட்ச் மிதி இல்லாவிடினும் உள்ளே இருப்பது கைமுறைப் பெட்டியே. ஆகவே அதற்குரியது கியர் எண்ணெய். கியர் மாற்றும் நீரழுத்த அமைப்புக்கு வேறு எண்ணெய்.

எண்ணெய் மாற்றுதல்

அடித்தட்டின் திருகைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வடிவதில்லை. பெரும்பகுதி முறுக்குவிசை மாற்றியிலேயே தங்கிவிடும். எனவே கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவை ஊற்றுவது தவறு. வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றிய பின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் விரிவதால் கையேடு கூறும் வெப்பநிலையிலேயே மட்டம் பார்க்கப்படும். பெரும்பாலான தானுந்துகளில் பொறி ஓடும்போதும், ஹோண்டா தானுந்துகள் பலவற்றில் பொறியை நிறுத்திய பின்னரும் பார்ப்பது முறை.

அடித்தட்டிலுள்ள காந்தங்களில் படியும் சாம்பல்நிறக் குழைவு இயல்பான தேய்மானமே. உலோகச் சில்லுகள் உட்பாகங்கள் உடைவதைக் காட்டும். கரிந்த வாடை தட்டுகள் எரிந்தமைக்கு அறிகுறி. இந்நிலையில் எண்ணெயை மாற்றுவதால் மட்டும் பெட்டி சீராகாது.

"வாழ்நாள் எண்ணெய்" என்று விற்கப்படும் தானுந்துகளிலும் எண்ணெய் மூப்படைகிறது. நெரிசலிலும் மலைச்சாலையிலும் மிகுதியாக ஓடும் தானுந்துகளுக்குக் குறுகிய இடைவெளியைப் பல கையேடுகள் தனியே குறிப்பிடுகின்றன.